டாக்டர் வண்டியைப் பார்க்கப் போனேன்

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு அர்ச்சுனன் அண்ணை தன் அம்பாசிடரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வார் என்று எண்ணியிருந்தேன். அவர் ஸ்கூட்டரில் வந்தார். என் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "ஏறிக்குங்க டீச்சர். பஸ்ஸுல ஒக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். சில வருடங்களாக அந்தக் குரலைக் கைபேசியில் கேட்டுப் பழகியவள் நான். ஆளை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். குரலுக்கு ஆள் சிறியவர். சட்டைக்கு மேலாக இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். என்னிடம் ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் இருக்கிறது. கனடாவுக்குப் போன ஒரு பல் வைத்தியர் குடும்பத்திடம் வாங்கியது. எங்கள் ஊரில் அப்படியான கார்கள் காட்சிப் பொருட்கள் அல்ல. போர்க்காலத்தில் பெட்ரோல் வராதபோது சின்னப் போத்தலிலிருந்து கார்புரேட்டருக்குள் நாலு துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை உசுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் புகையோடுதான் போனோம். அதனால் பழைய கார் என்றால் எங்களுக்கு ஓடுகிற கார்.

அர்ச்சுனன் அண்ணை எனக்குப் பழக்கமானது ஒரு வாட்ஸ்அப் குழுவில். ஈப்போவில் ஒருவர், டொராண்டோவில் இருவர், கோயம்புத்தூரில் ஒரு கூட்டம் என்று பழைய கார் வைத்திருக்கும் தமிழ் ஆட்கள் சேர்ந்த இடம். ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமே சேரலாம் என்பது விதி. கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற இவர்தான் அங்கே எல்லோருடைய சந்தேகங்களுக்கும் பதில் சொல்பவர். என் ஒஸ்டினும் அவருடைய அம்பாசிடரும் வெளித்தோற்றத்தில் வேறு வேறு. எஞ்சின் மட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வெயில் நேரத்தில் என் கார் நடுவீதியில் நின்று நின்று போனபோது, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு, "பெட்ரோல் பைப்பு சைலன்சர் குழாய ஒட்டிக்கினு போவுதான்னு பாருங்க டீச்சர். சூட்டுல பெட்ரோல் ஆவியாவுது" என்றார். அப்படித்தான் இருந்தது. குழாயைத் தள்ளிக் கட்டினேன். அதன் பிறகு கார் நிற்கவில்லை.

மச்சாளின் மகளுக்குச் சென்னையில் கலியாணம். அது முடிந்ததும் கிடைத்த நான்கு நாட்களில் உறவினர்கள் என்னைக் கடைகளுக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டிருந்தார்கள். நான் செஞ்சிக்குப் போகிறேன் என்றேன். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். "ஒரு கார் இருக்கு" என்றேன்.

கோட்டை மலைகளுக்குப் பக்கமாக ஸ்கூட்டர் போகும்போது பின்னாலிருந்து கேட்டேன். "அண்ணை, கார் எங்கை?"

"பெயிண்ட்டுக்குப் போயிருக்குது டீச்சர். திண்டிவனத்துல. இன்னும் ரெண்டு நாளு ஆவும்னான்" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

வீட்டில் அவர் மனைவி கஸ்தூரி அவித்த வேர்க்கடலையை ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்து வைத்தார். "மல்லாட்ட சாப்புடுவீங்களாக்கா?" என்றார். நாங்கள் கச்சான் என்று சொல்வதற்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். எங்கள் ஊரில் வறுத்த கச்சான்தான் திருவிழாக்களில் விற்கும். இது வயலிலிருந்து பிடுங்கி உப்புப் போட்டு அவித்தது. பேச்சை மறந்து தின்றுகொண்டே இருக்கலாம். மதியம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியைப் புட்டு மாதிரி உதிர்க்கப் பார்த்த என்னை கஸ்தூரி தடுத்து, உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கச் சொல்லிக் கொடுத்தார். முதல் வாய் தொண்டையில் நின்றது. அர்ச்சுனன் அண்ணை தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது கார் கொட்டகையைப் பார்த்தேன். உள்ளே மல்லாட்டை மூட்டைகள் அடுக்கியிருந்தன. சுவரில் பழைய விசிறி பெல்ட் ஒன்று ஆணியில் தொங்கியது. எங்கள் மாதிரிக் கார்கள் நின்ற இடம் ஒருபோதும் காய்வதில்லை. எஞ்சின் எண்ணெய் எப்போதும் ஒரு சொட்டாவது விடும். இங்கே தரையில் இருந்த கறை வெளுத்துப் போயிருந்தது. அதன் மேல் எறும்புகள் புற்று வைத்திருந்தன.

கஸ்தூரி துண்டைக் கொடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "வண்டியப் பத்தி ரொம்பக் கேக்காதீங்கக்கா. டென்ஷன் ஆயிடுவாரு."

அன்று பின்னேரம் கோட்டை அடிவாரம் வரை நடந்தோம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டது போல் கற்பாறைகள். எங்கள் ஊரில் மலை கிடையாது. தென்னையும் பனையும்தான் உயரம். நான் மலையைப் பார்த்தேன். அவர் சாலையில் போன ஒரு பழைய லாரியின் சத்தத்தைக் கேட்டு, "இஞ்செக்டர் ஒண்ணு அடிக்கல அதுல" என்றார். மற்றபடி வழியெல்லாம் என் காரைப் பற்றியே விசாரித்தார். அவருடைய காரைப் பற்றி நான் ஏதாவது கேட்டால், பேச்சு எப்படியோ திரும்பவும் என் காருக்கே வந்து நின்றது.

மறுநாள் பனமலைக்கு ஒரு மினி பஸ்ஸில் போனோம். ஏரிக்கரைக் குன்றின் மேல் பல்லவர் காலத்துக் கோவில் இருக்கிறது, அதைக் காட்டுகிறேன் என்றார். பாதி வழியில் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டுநர் ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலுக்குப் போக, நாங்கள் இருவரும் எஞ்சின் பக்கம் போனோம். இந்த வியாதி உலகத்தில் எல்லாப் பழைய வண்டிக்காரருக்கும் பொதுவானது என்று நினைக்கிறேன். ஓட்டுநர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"தொடாத தம்பி, மூஞ்சில அடிச்சிடும்" என்று அவர் கையைப் பிடித்தார் அர்ச்சுனன் அண்ணை. பிறகு கீழே குனியப் பார்த்தார். பாதி குனிந்ததும் அப்படியே நின்றார். ஒரு கை பம்பரைப் பிடித்திருந்தது. முகம் வெளிறிவிட்டது. நான் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்திருந்தது. ஓட்டுநர் பழைய டியூபைக் கிழித்து அதைச் சுற்றிக் கட்டினார்.

புளியமரத்தடியிலிருந்து கூடையோடு ஒரு பெண் எங்களிடம் வந்தார். மாடு வளர்க்கும் வீட்டுக்காரி என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. "இன்னா டாக்டரே, எங்க ஊருக்கு ஊசி போட வந்து எத்தினி நாளு ஆவுது. அந்தக் காரு இருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருப்பீங்களே. இப்பிடி வித்துட்டு பஸ்ஸுல அவஸ்தப்படறீங்க?"

அர்ச்சுனன் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. "மாடு நல்லா இருக்குதா?" என்று அவரிடம் கேட்டார்.

கோவிலில் கொஞ்சம்தான் நின்றோம். சுவரில் மங்கிப்போன ஓவியமாக ஒரு தேவி, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். மேலே குடை. வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, அந்த நிற்கும் ஒயில் மட்டும் போகவில்லை. வெளியே வந்து ஏரியைப் பார்த்தபடி பாறையில் உட்கார்ந்தோம். அவரே சொன்னார்.

முதுகுத்தண்டில் தட்டு விலகி அறுவை செய்திருக்கிறார்கள். ஸ்டியரிங் கனமான வண்டியை இனித் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி கொட்டகையில் நின்றது. எலி ஒயரைக் கடித்தது. ஒருநாள் அவர் யாருக்கும் தெரியாமல் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ இறுக்கப் போய், எழுந்திருக்க முடியாமல் பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். கஸ்தூரி வந்து பார்த்துவிட்டு அழுதாராம். வண்டி வேண்டுமா நான் வேண்டுமா என்று கேட்டாராம்.

"அவ கேட்டது நாயந்தான டீச்சர்" என்றார். "ஒரு புரோக்கர்கிட்ட சொன்னேன். ரோட்டோர ஓட்டல்காரர் ஒருத்தர் கேக்கிறாருன்னான். ஷோவுக்கு வெக்கப் போறாராம். சரின்னு குடுத்துட்டேன்."

"குழுவிலை ஏன் சொல்லேல்லை அண்ணை?"

"ஓடற வண்டி இருந்தாத்தான குரூப்புல இருக்கலாம்." பிறகு சொன்னார்: "காலைல எழுந்தா யாராவது ஒரு சந்தேகம் கேட்டு வெச்சிருப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் டீ குடிப்பேன். அதையும் விட்டுட்டா நான் இன்னா பண்றது?"

பிறகு அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஊர்ப் பெரிய வீடுகளின் மாட்டுக் கொட்டகைகளில் காலமெல்லாம் சாணி அள்ளியவர். மகன் அதே வீடுகளுக்கு மாட்டு டாக்டராக இந்த வண்டியில் போனான். "வண்டி வாங்கின அன்னிக்கி நைனாவ முன்சீட்டுல ஒக்கார வெச்சு பெரிய தெருவு வழியா ஓட்டிக்கினு போனேன். அவருக்குக் கதவு சாத்தத் தெரியல. கையால இழுத்துப் பிடிச்சிக்கினே வந்தாரு. நான் நிறுத்திச் சாத்தியிருக்கலாம். தெருவு முடியறவரைக்கும் நிறுத்த மனசு வரல."

ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது. கொக்குகள் சேற்றில் நின்றன. அந்த ஓட்டலுக்கு அதன் பிறகு போனீர்களா என்று கேட்டேன். ஒருமுறைகூட இல்லை என்றார்.

"எனக்குப் பாக்க வேணும் அண்ணை. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் நான் தனியப் போறன்."

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நானும் வரேன்" என்றார்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனோம். திண்டிவனம் சாலையில், கார்கள் நிறைய நின்ற பெரிய ஓட்டல். வாசலில் ஒரு சிமெண்ட் மேடை. அதன் மேல் வண்டி நின்றது. குழுவில் நான் பார்த்த படங்களில் அது பால் நிறம். இப்போது மஞ்சளும் சிவப்பும். முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மண் நிரப்பிக் காகிதப்பூச் செடி வைத்திருந்தார்கள். செடி செழிப்பாக வளர்ந்து முன்கண்ணாடி வரை படர்ந்திருந்தது. ஒரு குடும்பம் முறை வைத்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் அண்ணை வரிசையில் நிற்பவர் போல அவர்களுக்குப் பின்னால் நின்றார். அவர்கள் போனதும் கதவைத் திறந்தார். உள்ளே ஏறவில்லை. வெளியே நின்றபடியே காலை நீட்டி, தரையில் இருக்கும் முன்விளக்குப் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பார்த்தார். டக் என்றது. கதவைச் சாத்தினார். இரண்டாம் முறை கொஞ்சம் தூக்கிச் சாத்தினார், அது சரியாகப் பூட்டியது.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் உரிமையாளர் மேசைக்கு வந்தார். ராஜ்மோகன் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம். "சார், தொண்டூருங்க நானு" என்றார். "ஞாபகம் இருக்குதா? ஏரிக்கரை வூடு. எங்கம்மா பால் ஊத்தும். நீங்க மாட்டுக்கு ஊசி போட வருவீங்க. திரும்பறப்ப வண்டி ஸ்டார்ட் ஆவாது. பசங்க நாங்கதான் தள்ளுவோம். தள்ளுனதுக்கு ஏரி முனை வரைக்கும் ஏத்திக்கினு போவீங்க."

அர்ச்சுனன் அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராஜாத்தி பையனா நீ?" என்றார்.

"ஆமா சார்."

"வண்டிய வாங்கினது நீயா?"

"நான்தான சார். புரோக்கர் சொல்லலையா?"

இலையில் சாம்பார் ஊற்றியாகிவிட்டது. இருவரும் அதைத் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்டுவிட்டேன். "தம்பி, இவ்வளவு ஆசையா வாங்கின காரை ஏன் இப்பிடிப் பூச்சாடி ஆக்கினனீங்கள்?"

அவர் என் பேச்சைக் கேட்டு முதலில் விழித்தார், பிறகு புரிந்துகொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஓட்டணும்னுதாங்க வாங்கினேன்" என்றார். "எங்கம்மாவ அதுல ஏத்தி மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிக்கினு போவணும்னு. அம்மா அந்த வண்டியில ஏறுனதே இல்ல. பசங்க நாங்கதான் ஏறுவோம், அது வாசல்ல நின்னு பாக்கும். லாரியில வண்டி வந்து எறங்குது, பாத்தா எஞ்சின் இல்ல. புரோக்கரக் கேட்டா, எஞ்சின் வீணாப் போச்சு, சார் கழட்டிப் போட்டுட்டாருன்னான். ஆர்.சி. புக்கும் கேன்சல்ன்னான். நான் இன்னாங்க பண்றது? எஞ்சின் வெயிட்டு இல்லாம மூஞ்சி மேல தூக்கிக்கினு நின்னுது. பாக்கவே அசிங்கமா இருந்துச்சி. மெக்கானிக் முன்பக்கம் அறுத்துத் தாழ எறக்கி, மேடையில வெச்சிடலாம்னான்."

அர்ச்சுனன் அண்ணை மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போல. "புரோக்கர் என்னாண்ட ஷோவுக்குன்னு சொன்னான், ராஜ்மோகன். மழையில நிக்கப் போற வண்டிக்கு எஞ்சின் எதுக்குன்னு நெனச்சேன். உள்ள தண்ணி எறங்கி எஞ்சின் இறுகிப் போவும். அத என்னால நெனச்சுப் பாக்க முடியல. கழட்டி எடுத்து வெச்சிட்டேன். ஓடாத வண்டிக்கு ஆர்.சி. எதுக்கு, யாராவது தப்பா யூஸ் பண்ணிடுவான்னு நானே ஆபீஸுக்குப் போயி கேன்சல் பண்ணேன்."

"எஞ்சின் நல்லா இருக்குதா சார்?"

"இருக்குது. வூட்டுல இருக்குது. ஓடும்."

ராஜ்மோகன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஓட்டலில் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் கூட்டு வாளியோடு வந்து, மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"திரும்ப மாட்ட முடியாதா?" என்று ராஜ்மோகன் கேட்டார். என்னிடம் கேட்டாரா அவரிடமா என்று தெரியவில்லை. அர்ச்சுனன் அண்ணையால் குனிய முடியாது. ஆகவே நான்தான் எழுந்து போனேன்.

கைபேசி வெளிச்சத்தோடு மேடையில் படுத்து அடியில் பார்த்தேன். எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் முன்சட்டம் இரண்டு பக்கமும் எரிவாயுச் சுடரால் அறுபட்டிருந்தது. அச்சு பாதிவரை சிமெண்டில் புதைந்திருந்தது. மேலே போட்ட மண்ணின் ஈரம் கீழே இறங்கி, தகடு விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. இதே படத்தை யாராவது குழுவில் போட்டிருந்தால், வெட்டி ஒட்டலாம், புதுத் தகடு அடிக்கலாம், மனம் வைத்தால் முடியாதது இல்லை என்று முதல் ஆளாகப் பதில் எழுதியிருப்பேன். அங்கே படுத்திருந்தபோது அப்படி ஒரு வார்த்தை வரவில்லை. இதைச் சரி செய்வதென்றால் மிஞ்சுவது கதவுகளும் கூரையும்தான். அப்படிச் செய்தாலும் அது வீதிக்கு வர முடியாது. அதன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தாயிற்று.

எழுந்து வந்தேன். இருவரும் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளைகள் என் முன்னால் பல வருடங்கள் அப்படி நின்றிருக்கிறார்கள். "ஏலாது அண்ணை" என்றேன்.

அவர் தலையசைத்தார். ராஜ்மோகன் காகிதப்பூச் செடியின் காய்ந்த இலைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "சாப்டாம எழுந்துட்டீங்க" என்றார் கடைசியில். "வாங்க. ஆறிடும்."

திரும்பிப் போய்ச் சாப்பிட்டோம். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை சோறு போடும்போது அர்ச்சுனன் அண்ணை வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர்கள் மழையைப் பற்றியும், ராஜாத்தி அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள்.

நான்காம் நாள் காலை, நான் புறப்பட வேண்டிய நாள். அர்ச்சுனன் அண்ணை வீட்டின் பின்புறம் என்னைக் கூட்டிப் போனார். ஓர் அறையில், தார்ப்பாய்க்குள், மரச்சட்டத்தின் மேல் அந்த எஞ்சின் இருந்தது. தூசி இல்லை. துடைத்த எண்ணெயின் மினுமினுப்பு. வாரத்துக்கு ஒருமுறை கையால் சுழற்றி வைப்பாராம், உள்ளே எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

"ஒரு தரம் ஓட விடலாம் டீச்சர். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க."

அதை முற்றத்துக்கு நகர்த்த அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள். அர்ச்சுனன் அண்ணை ராஜ்மோகனுக்கும் போனில் சொன்னார். பெட்ரோல் தொட்டி கிடையாது. மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, முருங்கை மரக் கிளையில் கட்டி, அந்த மெல்லிய குழாயைக் கார்புரேட்டரில் செருகினார். எஞ்சின் சூடேறாமல் இருக்க, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை அதன் தண்ணீர் வழியில் செருகினார். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் செய்த எல்லாக் குறுக்கு வேலையும் பார்த்தவள் நான்; இது எனக்கும் புதிது. தீப்பொறிக்கான தொடுமுனைகளை நான் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தேன்.

நாங்கள் தொடங்குகிற நேரத்தில் ஒரு புதுக் கார் வாசலில் வந்து நின்றது. ராஜ்மோகன் தன் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். ராஜாத்தி அம்மா கஸ்தூரி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மரத்தில் தொங்கும் பாட்டிலைப் பார்த்தார். "இன்னா டாக்டரே, இதுக்கும் உடம்பு சரியில்லியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் அர்ச்சுனன் அண்ணை சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு முறை முக்கியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. நீலப் புகை ஒரு மூச்சு வந்து தெளிந்தது. பிறகு அந்தச் சத்தம், என் காரின் சத்தமேதான், ஆனால் இன்னும் ஒழுங்காக, கொஞ்சம் ஆழமாக. முருங்கை இலைகள் நடுங்கின.

"இந்தச் சத்தம் ரோட்டு முனையில கேட்டாலே எங்க செவலப் பசு ஊசின்னு தெரிஞ்சிக்கினு கயித்த அத்துக்கினு ஓடும்" என்றார் ராஜாத்தி அம்மா. எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வண்டி எங்க?" என்று மகனிடம் கேட்டார். எத்தனையோ தடவை அந்த ஓட்டல் வாசலில் இறங்கியவர் அவர். பூச்செடி வைத்த அந்த மஞ்சள் பொருளையும் இந்தச் சத்தத்தையும் அவர் ஒன்றாகச் சேர்க்கவே இல்லை.

எஞ்சினை நிறுத்தியதும் ராஜ்மோகன் கேட்டார். "சார், செடிய எடுத்துட்டு இத அதுல வெச்சிடட்டுமா? நிக்கட்டும். ஆனா எஞ்சின் ஓடட்டும். ஞாயித்துக்கெழம நீங்க வந்து ஸ்டார்ட் பண்ணுங்க."

அர்ச்சுனன் அண்ணை துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். "வேணாம் ராஜ்மோகன்" என்றார். "நின்ன எடத்துலயே ஓடறதுக்கு இது எதுக்கு? எங்கயாவது போவட்டும்."

நான் ஊர் திரும்பிய வாரம் அவர் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். தன்னிடம் வண்டி இல்லை, விற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதுவரை அதைச் சொல்லவில்லை, எஞ்சின் மட்டும் இருக்கிறது, தேவைப்படுகிறவர் எடுத்துக்கொண்டு போகலாம், தன்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாம் என்று. பிறகு ஈப்போக்காரர் தன் கிளட்ச் வழுக்குவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அர்ச்சுனன் அண்ணையை யாரும் நீக்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒருவருக்கு எஞ்சினில் வெடிப்பு விழுந்து வண்டி நின்றுபோயிருந்தது. அவர் வந்து எடுத்துப் போனார். பொருத்தி முடித்ததும் ஓடவிட்டுப் பதிவு செய்து அனுப்பினார். இதயங்களும் கைகூப்புகளும் குவிந்தன. அர்ச்சுனன் அண்ணை அடுத்த நாள்தான் பதில் போட்டார். இரண்டாவது சிலிண்டரில் வால்வு கொஞ்சம் தட்டுகிறது, சூடாக இருக்கும்போது இடைவெளியைச் சரி பாருங்கள் என்று மட்டும்.

அன்று பின்னேரம் நான் அவரை அழைத்தேன். "சந்தோஷமோ அண்ணை?"

"சந்தோஷந்தான் டீச்சர். நல்ல ஆளுகிட்டதான் போயிருக்குது." பிறகு சொன்னார்: "ராஜாத்தி மேல்மலையனூர் போயிட்டு வந்துதாம். புதுக் காருல. ஏசி போட்டுக் கண்ணாடிய ஏத்திக்கினு போனாங்களாம். ஏறுன ஒடனே தூங்கிடுச்சாம். கோயில் வந்தப்பறம்தான் எழுப்பினாங்களாம்."

அவர் குரல் தாழ்ந்தது.

"நான் ஒரு போன் பண்ணியிருக்கலாம் டீச்சர். வாங்கறது யாருய்யான்னு ஒரு போன். உங்கள்ட்டல்லாம் நாள் பூரா பேசறேன். அவன் இருக்கிறது அடுத்த ஊரு."

பிறகு அவர் வழக்கமான குரலில் கேட்டார். "உங்க வண்டி எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுது அண்ணை" என்றேன். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.